பள்ளி முடிந்த பிறகு போக ஓர் இடம்
வாசகர் கேள்வி – பதில்

டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் அறிவுசார் குறைபாடு) உள்ள பெரியவர்களின் நட்பு, வேலை, உடல்நலம், எதிர்காலம் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

எங்க மவனுக்கு 23 வயசு. 18 வரைக்கும் சிறப்புப் பள்ளிக்குப் போனான். அதுக்குப் பிறகு வீடும் டிவியும்தான். கூடப் படிச்ச நாலு பேர் பக்கத்து ஊர்கள்ல இருக்காங்க. எல்லாருக்கும் இதே கதைதான். வாரத்துக்கு ஒருநாள் நாங்களே சேர்ந்து ஏதாவது நடத்த முடியுமா?
– ஒரு தாய், தக்கலை

தாராளமாக முடியும். நாலு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். முதல் ஆறு மாதம் பத்துப் பேரைத் தாண்ட வேண்டாம்.

முதலில் நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை காலை 10 முதல் 12 என்றால் எல்லாச் சனியும் அதே 10 மணிதான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்கு வழக்கம்தான் தைரியம். எது எப்போது நடக்கும் என்று தெரிந்தால் முன்னால் வருவார்கள், தெரியாவிட்டால் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மழையைச் சொல்லி ஒத்திப்போட ஆரம்பித்தால் ஆண்டில் பாதி நாள் கூட்டமே இருக்காது.

இடம் சபை மண்டபமாக இருக்கலாம், சமுதாய நலக்கூடமாகவோ விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் வகுப்பறையாகவோ இருக்கலாம். தரைத்தளமாக இருக்க வேண்டும். தாழ்ப்பாள் போடும் கழிவறை வேண்டும். வாசல் நேரே பெரிய ரோட்டில் திறக்கக் கூடாது. தகரக் கூரை உள்ள கூடத்தைத் தவிர்த்துவிடுங்கள். இவர்களில் நிறைய பேருக்குக் காது மந்தம் உண்டு. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் சும்மா இருப்பவரை “சொன்னா புரியல” என்று சொல்லிவிடுவோம்.

மூன்று பேருக்கு ஒரு துணையாள் போதும். அவர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், எந்த நேரமும் பெரியவர்கள் இருவர் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் உதவிக்கு வருவது நல்லதுதான். ஆனால் ஒரு வாரம் வந்து மறு வாரம் வராமல் போனால் நம் ஆட்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குறைந்தது மூன்று மாதம் வருவதாக ஒத்துக்கொள்பவர்களை மட்டும் சேருங்கள்.

இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் இருபது நிமிடம் வருகைப்பதிவும் செய்தியும். ஒவ்வொருவரும் அந்த வாரத்துப் படம் ஒன்றை வீட்டுப் போனில் கொண்டுவரட்டும். பேச்சு தெளிவாக வராதவருக்கும் படம் இருந்தால் சொல்ல விஷயம் இருக்கும். பிறகு அரைமணி நேரம் உடல் அசைவு: நடை, ஆட்டம், பந்து. அதற்கடுத்த அரைமணி சாயா. மீதியில் ஒரு கைவேலை, ஒரே வேலையை ஆறு வாரம் தொடர்ந்து. கடைசிப் பத்து நிமிடம் கூட்டிப் பெருக்கி, கதவைப் பூட்டி, கைகொடுத்துப் பிரிவது. ஐந்தையும் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். முடிந்ததை ஒருவர் போய்த் திருப்பி வைக்கட்டும்.

சாயாவை அவர்களே போட வேண்டும். இந்த நிகழ்ச்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். பத்துப் பேருக்கு ஒரு லிட்டர் பால், அரை லிட்டர் தண்ணீர், தேயிலை சுமார் 30 கிராம். பால் பாத்திரத்திலும் தண்ணீர்ச் செம்பிலும் அளவுக்கோட்டைப் பெயிண்டால் வரைந்துவிட்டால் எண் தெரியாதவரும் சரியாக ஊற்றுவார். அடுப்பு பற்றவைப்பதையும் வடிப்பதையும் துணையாள் பார்க்கட்டும். சர்க்கரையைப் பாத்திரத்தில் போடாமல் டம்ளரில் தனியாக, அரைக் கரண்டி மட்டும். உடல் எடை இவர்களுக்குச் சீக்கிரம் ஏறும். ஆளுக்கொரு பொறுப்பு இருக்கட்டும்: சாவி ஒருவரிடம், வருகைப் பலகையில் படத்தை நகர்த்துவது ஒருவர், தண்ணீர் ஊற்றுவது ஒருவர். பொறுப்பு உள்ளவர் அடுத்த சனிக்கிழமையை எதிர்பார்த்து இருப்பார். சும்மா உட்கார்த்தி வைக்கப்பட்டவருக்கு மூன்றாம் வாரமே வயிறு வலிக்கும்.

இந்த மாதிரிக் கூட்டங்கள் குலைவதற்குப் பெரிய காரணம், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, பெற்றோர்தான். “உன் பெயர் என்ன?” என்று கேட்டால் அம்மா பதில் சொல்லிவிடுவார். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று விதி வையுங்கள். காதில் விழுந்தது மூளையில் ஏறி, சொல்லாகத் திரும்பிவர அவர்களுக்கு அவ்வளவு நேரம் தேவை. இரண்டாம் மாதத்திலிருந்து பெற்றோர் வெளியே திண்ணையில் உட்காரட்டும். அவர்களுக்கும் பேச ஆள் வேண்டுமல்லவா? இன்னொரு காரணம் விழா. மைக், கேக், சால்வை, சிறப்பு விருந்தினர் என்று போய்விட்டால் அன்றைக்கு மகிழ்ச்சியாக இருப்பவர்கள் விருந்தினர்கள்தான்.

யாராவது தரையில் உட்கார்ந்துகொண்டு எழும்ப மறுத்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசையும் மூட்டும் தளர்ந்தவை, இழுத்தால் நழுவலாம். அடுத்த படத்தைக் காட்டி, ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, மறுபடி கூப்பிடுங்கள். குட்டிக்கரணமும், தலைகுப்புறக் குளத்தில் குதிப்பதும், பந்தைத் தலையால் முட்டுவதும் கூடாது. கழுத்தின் மேல் இரண்டு எலும்புகள் சிலருக்கு உறுதியாக நிற்பதில்லை. புதிதாகக் கழுத்துவலி, தலை ஒருபக்கம் சாய்வது, நடை தள்ளாடுவது, கைப்பிடி தளர்வது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் வைத்திருங்கள்: சாப்பிடும் மருந்து, வலிப்பு உண்டா, இதய அறுவை நடந்ததா, எது ஒத்துக்கொள்ளாது, இரண்டு போன் எண்கள்.

வாரம் ஒருமுறை கூடுவதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. நன்கொடை வாங்க ஆரம்பித்தால்தான் கணக்கும் பதிவும் வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம். அதன்பிறகு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையில் பெற்றோர் சங்கமாகப் பதிவு கேட்கலாம். ‘திஷா-கம்-விகாஸ்’ என்ற பகல்நேர மையத் திட்டத்துக்கு அந்தப் பதிவு அவசியம். பதிவை முதல் நாளே தொடங்காதீர்கள். தலைவர் யார், பொருளாளர் யார் என்ற பேச்சிலேயே சாயா ஆறிவிடும்.

27 வயது தங்கைக்குக் கோயில், கல்யாணம், கடற்கரை என்றால் உயிர். ஆறு மாதமாக எங்கும் வர மறுக்கிறாள். தூங்கிக்கொண்டே இருக்கிறாள், தனக்குத்தானே பேசுகிறாள். ‘இந்த நோய்க்காரங்க போகப் போக இப்படித்தான் ஆவாங்க’ என்கிறார்கள். உண்மையா?
– ஓர் அண்ணன், குளச்சல்

இல்லை. 27 வயதில் வந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணம். அதைத் தேடாமல் டவுன் சிண்ட்ரோம் தலையில் போட்டுவிடுவதுதான் இவர்களுக்கு நடக்கும் பெரிய அநியாயம்.

முதலில் தைராய்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கு இந்தச் சுரப்பி மந்தமாவது மிகச் சாதாரணம். அறிகுறி இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தூக்கம், சோர்வு, எடை, மலச்சிக்கல், வறண்ட தோல் எல்லாம் இதனால் வரலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பாருங்கள். காலையில் கட்டன்சாயாவோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேராது. வெறும்வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துத்தான் சாயா. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

அடுத்து காது, கண். காதுத் துளை குறுகலாக இருப்பதால் அழுக்கு அடைத்துக்கொள்ளும். அதை எடுத்தாலே சிலர் மறுபடி பேச ஆரம்பிப்பார்கள். கண்புரை இளவயதிலேயே வரலாம். மேடு பள்ளம் தெரியாதவள் மணலில் நடக்க மறுப்பாள், கல்யாண மண்டபப் படியில் தயங்குவாள்.

இரவில் அவள் தூங்குவதை ஒருமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கென இழுப்பது, உட்கார்ந்தபடியே முன்னால் மடங்கித் தூங்குவது இருந்தால் உறக்க மூச்சுத்தடை. பகல் தூக்கத்துக்கு அதுதான் காரணமாக இருக்கலாம். போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்கு ஆயிரம் வார்த்தை சொன்னதற்குச் சமம். மாதவிடாய் வலி, பல்வலி, ரத்தசோகை இவற்றையும் கேளுங்கள். வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் மனசு. ஆறு மாதத்துக்கு முன் வீட்டில் என்ன நடந்தது? அண்ணன் வளைகுடாவுக்குப் போனதா, அக்காவுக்குக் கல்யாணமா, பாட்டி இறந்தாரா? துக்கம் இவர்களுக்குப் பல மாதம் கழித்துத் தலைகாட்டும். மனச்சோர்வுக்கு மருத்துவம் இருக்கிறது, நன்றாகக் கேட்கும். யாராவது அவளிடம் தப்பாக நடந்துகொண்டார்களா என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட ஓர் ஆள், ஓர் இடம், ஒரு வண்டியை மட்டும் பார்த்துப் பயந்தால் அதைக் கவனியுங்கள்.

தனக்குத்தானே பேசுவது மட்டும் நோய் அல்ல. அன்றைக்கு நடந்ததை அசைபோடும் வழி அது. குரல் கோபமாகவோ பயமாகவோ மாறினால், அதுவே நாள் முழுக்க நீடித்தால், கேட்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது ‘முன்பு என்ன செய்தாள், இப்போது என்ன செய்வதில்லை, எந்த மாதத்திலிருந்து’ என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துப்போங்கள்.

மகனுக்கு 24 வயது. சபையில், கல்யாண வீட்டில் பார்ப்பவரையெல்லாம் கட்டிப்பிடிக்கிறான். சின்னதில் எல்லோரும் ரசித்தார்கள், இப்போது முகம் சுளிக்கிறார்கள்.
– ஒரு தந்தை, மார்த்தாண்டம்

இருபது வருடமாக நாம் கைதட்டிக் கற்றுக்கொடுத்த பழக்கத்தை அவர் செய்கிறார். திட்டினால் குழம்புவார். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்: வீட்டில் உள்ளவருக்குக் கட்டிப்பிடிப்பு, சொந்தக்காரருக்கும் நண்பருக்கும் கைகுலுக்கல், மற்றவருக்கு வணக்கம். மூன்று வட்டம் வரைந்து ஒவ்வொன்றிலும் அந்தந்த ஆட்களின் புகைப்படத்தை ஒட்டுங்கள். வெளியே கிளம்புமுன் ஒருமுறை பாருங்கள்.

மற்றவர்கள் மாறாவிட்டால் இது நடக்காது. பெரியம்மா “என் மக்கா, வா” என்று கையை விரித்தால் ஒரு மாத உழைப்பு போய்விடும். உறவினர், போதகர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரிடமும் ‘அவன் கட்டிப்பிடிக்க வந்தால் ஒரு அடி பின்னால் போய்க் கையை நீட்டுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லோரும் ஒரேமாதிரி செய்தால் இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

முகச்சுளிப்பைவிட எங்களுக்குக் கவலை வேறு. யாரையும் கட்டிப்பிடிக்கலாம் என்று நம்புபவருக்கு, தன்னை யார் தொட்டாலும் சரி என்றுதான் தோன்றும். ‘வேண்டாம்’ சொல்லவும் பழக்குங்கள். அவர் வேண்டாம் என்றால் வீட்டிலும் மதிக்க வேண்டும், தலை சீவுவதானாலும் சரி, முத்தமானாலும் சரி. ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அவர் சொல்லும் நாளும் வரும். சிரிக்காமல் கேளுங்கள்.

நேந்திரங்காய் சிப்ஸ் போடும் தெரிந்தவர், ‘மருமவன் சும்மா வந்து இருக்கட்டும், பொழுது போவும்’ என்கிறார். அனுப்பலாமா? வயது 30.
– ஒரு தாய்மாமன், கருங்கல்

அனுப்புங்கள், ‘சும்மா’வுக்கு அனுப்பாதீர்கள். எத்தனை மணி நேரம், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று பேசிக்கொண்டு அனுப்புங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

எண்ணெய்ச் சட்டி, சீவும் இயந்திரம் இரண்டுக்கும் பக்கத்தில் வேண்டாம். பாக்கெட் போடும் இடம் பொருத்தம். ‘250 கிராம் பாக்கெட் போடு’ என்று ஒரே வேலையாகச் சொன்னால் முடியாது. கவரை எடு, வாயைத் திற, தாங்கியில் மாட்டு, அகப்பையால் இரண்டுமுறை அள்ளிப் போடு, தராசில் வை, முள் பச்சைக் கோட்டுக்கு வந்ததா பார், ஒட்டுபவரிடம் தள்ளு என்று ஏழாக உடையுங்கள். விரல்கள் குட்டையாகவும் பிடி தளர்வாகவும் இருப்பதால் பெரும்பாலும் கவர் வாயைத் திறப்பதில்தான் மாட்டிக்கொள்வார்கள். தாங்கி ஒன்று செய்துகொடுத்தால் அது தீர்ந்தது. தராசில் எண்ணுக்குப் பதில் பச்சை வண்ணக் கோடு வரையுங்கள். முதல் இரண்டு வாரம் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஆறு படிகளை அவர் செய்துகொடுத்து, கடைசிப் படியை மட்டும் மருமகனிடம் விடட்டும். பிறகு கடைசி இரண்டு, கடைசி மூன்று. முடித்த பாக்கெட்டைத் தள்ளும் சந்தோஷம் முதல் நாளிலிருந்தே கிடைக்கும்.

ஆரம்பத்தில் மூன்று மணி நேரம் போதும். உடைந்த சிப்ஸைத் தின்னக் கொடுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பாசத்தில் கொடுப்பார்கள், ஆறு மாதத்தில் எடை ஏறிவிடும்.

எங்களிடம் இதேபோல் கேட்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: முந்திரி ஆலையில் ஓடு உடைக்கும் வேலை வேண்டாம், ஓட்டில் உள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும். தரம் பிரிக்கும் வேலை நல்லது. தோவாளைப் பக்கம் பூ கட்டுவது சிலருக்கு வரும், பலருக்கு விரல் ஒத்துழைக்காது. பூ உதிர்த்துப் பிரித்து வைக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

தனியாகப் பஸ்ஸில் போகப் பழக்கலாமா? டிக்கெட் சலுகை உண்டா?
– ஒரு தாய், திங்கள்சந்தை

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. ரயிலில் துணையின்றிப் போக முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் உடன் வருபவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 சதவீதச் சலுகை.

பழக்குவதற்கு ஒரே வழித்தடம், ஒரே நேரத்து வண்டி. இரண்டு வாரம் கூடவே உட்காருங்கள், அடுத்த இரண்டு வாரம் பின் இருக்கையில். பிறகு நீங்கள் ஏறாமல், இறங்கும் நிறுத்தத்தில் ஒருவர் காத்திருக்கட்டும். எங்கே இறங்குவது என்பதற்கு ஊர்ப்பெயரை நம்பாதீர்கள், கண்ணில் படும் அடையாளம் சொல்லிக்கொடுங்கள்: குருசடி, பாலம், பெட்ரோல் பங்க். கோயில் கொடை, ஊர்த் திருவிழா நாட்களில் வண்டி வழிமாறும், அன்றைக்குத் தனியே அனுப்ப வேண்டாம். வண்டி வேறு பக்கம் போனால் இறங்காமல், பெயரும் வீட்டுப் போன் எண்ணும் எழுதிய அட்டையைக் கண்டக்டரிடம் காட்ட வேண்டும். இதை மட்டும் நாடகம் மாதிரி வீட்டில் இருபது முறை நடித்துப் பாருங்கள்.

மனைவி இல்லை. நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வயது 71. மகளுக்கு 38. வீட்டை அவள் பெயரில் எழுதி வைத்துவிட்டால் போதுமா?
– நாகர்கோவில்

போதாது, ஆபத்தும்கூட. அவள் பெயரில் நேரடியாக எழுதிய சொத்தை, கையெழுத்து வாங்கி எடுத்துக்கொள்வது சுலபம். உயில் மூலம் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தி, வீடும் பணமும் அதில் இருக்க, அதன் பயன் அவளுக்குச் சேரும்படி எழுதுவது நல்லது. அறங்காவலர் இருவராவது இருக்கட்டும், ஒருவர் சொந்தம், ஒருவர் வெளியாள். இதற்கு வழக்கறிஞர் வேண்டும், கடையில் வாங்கும் அச்சிட்ட படிவம் உதவாது. வங்கியில் ‘நாமினி’ போட்டிருப்பதால் பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, காப்பாளர். 18 வயது முடிந்தவருக்குத் தந்தை தானாகச் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் நிலைக் குழு காப்பாளரை நியமிக்கிறது. விண்ணப்பத்தை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். காப்பாளராக நியமிக்கப்படுபவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் தர வேண்டும். இதைத் தெரிந்தும் ஒத்துக்கொள்ளும் ஆளைத் தேர்ந்தெடுங்கள். மகளிடமும் கேளுங்கள், யாரோடு இருக்க விருப்பம் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் குழு தரும் சான்றிதழை ஏற்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இருக்கிறது. கிளையில் தெரியாது என்றால் எழுத்தில் பதில் கேளுங்கள்.

மூன்றாவது, உங்கள் ஓய்வூதியம். சம்பாதித்து வாழ இயலாத அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நீங்கள் இருக்கும்போதே அவள் பெயரையும் ஊனச் சான்றையும் ஓய்வூதிய ஆவணத்தில் ஏற்றிவிடுங்கள். பின்னால் செய்யலாம் என்று விட்டவர்களின் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலைகிறது. எல்லாக் காகிதங்களிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றுபோல இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம். பாதி விண்ணப்பம் திரும்பி வருவது தலைப்பெழுத்தில்தான்.

40 சதவீதமும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள், ஏற்கெனவே உள்ள நோய் என்று தள்ளவும் மாட்டார்கள். முதலில் கையிலிருந்து செலவழித்துப் பிறகுதான் திரும்பப் பெற வேண்டும் என்பதால் ரசீதும் மருந்துச் சீட்டும் ஒன்றுவிடாமல் வேண்டும்.

இன்னும் ஒன்று. மகள் ஓர் இரவுகூட உங்களை விட்டு வேறிடத்தில் தங்கியதில்லை என்றால், அதை இப்போதே தொடங்குங்கள். தங்கை வீட்டில் ஒருநாள், அடுத்த மாதம் இரண்டு நாள். நீங்கள் மருத்துவமனையில் படுக்கும் நாளில் முதல்முறையாகப் பிரிவது அவளுக்கு மிகக் கொடுமை.

அண்ணனுக்கு 46. சட்டைப் பித்தான் போடுவது, கோழிக்குத் தீனி வைப்பது எல்லாம் மறக்கிறார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்துப்போவதை நிறுத்திவிடவா?
– ஒரு தங்கை, பூதப்பாண்டி

நிறுத்தாதீர்கள். 1983இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் 25. இன்று 60ஐ ஒட்டி வந்திருக்கிறது. அதனால் முதுமையின் நோய்களும் வருகின்றன. அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இவர்களிடம் அந்தக் குரோமோசோம் மூன்று. ஆகவே மற்றவர்களைவிடப் பல ஆண்டு முன்பே மறதிநோய் தொடங்கலாம். ஆனாலும் முதலில் குளச்சல் வாசகருக்குச் சொன்ன அத்தனை சோதனைகளையும் செய்யுங்கள். தைராய்டும் காதும் கண்ணும் மனச்சோர்வும் இதே வேடத்தில் வரும். புதிதாக வலிப்பு வந்தால் உடனே காட்டுங்கள்.

மறதிநோய்தான் என்றால் கூட்டத்தில் அவர் பொறுப்பை எடுக்காதீர்கள், சுருக்குங்கள். பத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றியவர் இனி டம்ளர்களை மேசையில் வைக்கட்டும். அதே நாற்காலி, அதே பக்கத்து ஆள். இரண்டு மணி நேரம் அதிகம் என்றால் சாயா வரை இருந்துவிட்டுக் கிளம்பட்டும். புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம், தப்பைத் திருத்தவும் வேண்டாம்.

35 வயதைத் தொட்டவர்களின் வீட்டாருக்கு: சட்டை போடுவது, சாயா குடிப்பது, படி ஏறுவது, தன் பெயரையும் ஊரையும் சொல்வது, இவற்றை ஐந்து நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள். வருடம் ஒருமுறை அதே வேலைகளை அதே வரிசையில் மறுபடி எடுங்கள். இவர்களுக்குச் சாதாரண ஞாபகசக்திச் சோதனைகள் பொருந்துவதில்லை. அவர் முன்பு எப்படி இருந்தார் என்று மருத்துவர் கேட்கும்போது காட்ட அந்த வீடியோதான் இருக்கும். தேதியையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.